கழட்டிப் பார்த்த கணினி

கெடா தோட்டங்களுக்குக் கணினி வேலையாகத்தான் முதலில் வந்தது. 1972இல் பினாங்கில் இன்டெல் தொழிற்சாலை திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனத்தின் முதல் தொழிற்சாலை அதுதான். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் வந்தது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பெண்கள் கம்பெனி பஸ் ஏறினார்கள். என் அம்மாவும் ஏறினார்.

பன்னிரண்டு மணி நேரம் சிப்புகளைச் சோதிப்பார். அவை போய்ச் சேரும் கணினியை அவர் தொட்டதே இல்லை. 2001இல் ஓவர்டைம் காசில், 400 வெள்ளிக்குப் பழைய கணினி ஒன்றை வாங்கி வந்தார். "கழட்டிப் பாருங்க, கெட்டுப்போனா பார்த்துக்கலாம்" என்றார்.

அண்ணன் மூன்று முறை கெடுத்தார். மூன்று முறையும் அவரே சரிசெய்தார். இன்று பதினைந்து ஆண்டுகளாக மென்பொருள் பொறியாளர். நான் பிடித்துக்கொண்டது முரசு அஞ்சலை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய அந்த மென்பொருளில்தான் தமிழில் தட்டச்சு பழகினேன். வானொலிக்கு இன்றும் அதில்தான் எழுதுகிறேன்.

இப்போது எல்லா வீட்டிலும் கைப்பேசி உண்டு. ஆனால், அதைப் பிள்ளைகள் பார்க்கத்தான் முடிகிறது. கழட்ட யாரும் விடுவதில்லை. வீட்டில் பழைய கணினி இருந்தால் வீசிவிடாதீர்கள். ஒரு ஸ்குரூடிரைவரோடு பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். கெட்டுப்போனால் போகட்டும்.