களத்துமேட்டுக் கணக்கு

பின்னக் கணக்கைக் கண்டு பயப்படுவது குழந்தைகள் மட்டுமல்ல. பெரியவர்களாகிய நாமும் சற்று ஒதுங்கித்தான் நிற்கிறோம்.

சென்ற மாதம் ஒரு மாலை, எடமலைப்பட்டி புதூரில் நம் வீட்டுத் திண்ணையில் பேத்தி வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஐந்தில் மூன்று, நான்கில் மூன்று: எது பெரிது?" என்பது கேள்வி.

"நான்கைவிட ஐந்துதானே பெரிது? ஆகையால் ஐந்தில் மூன்று!" என்று தீர்ப்பளித்துவிட்டாள். நாம் தொகுதி, பகுதி என்று விஸ்தாரமாக ஆரம்பித்தோம். அவளுக்குக் கொட்டாவி வந்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தஞ்சைச் சீமையில் குத்தகை உழுத குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளையின் உத்தியோகத்தை முன்னிட்டு இவ்வூருக்கு வந்தவர்.

"அம்மாடி, களத்தில் இருபது கலம் நெல் கிடக்கிறது. இருபதில் ஒரு பங்குக்கு 'மா' என்று பெயர். ஐந்தில் ஒன்று நாலு மா. நான்கில் ஒன்று ஐந்து மா. இப்போது சொல்" என்றார்.

குழந்தை விரல்களை மடக்கினாள். "ஐந்தில் மூன்று பன்னிரண்டு கலம், நான்கில் மூன்று பதினைந்து கலம். அதுதான் பெரிது, தாத்தா!"

"அந்த மூன்று கலத்துக்கு எத்தனை வருஷம் காத்திருந்தோம், தெரியுமா?" என்றார் பெரியவர்.

அவர் சொன்னது கதையல்ல. 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கு வந்த சட்டம், குத்தகைக்கு உழுபவனுக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கையாவது உறுதி செய்தது. இருபது கலத்தில் எட்டு. 1956-ஆம் வருஷத்து நியாயவாரச் சட்டம், நஞ்சையில் நிலச்சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 என்றது. உழுதவனுக்குப் பன்னிரண்டு கலம். பின்னர் வந்த திருத்தம் அந்த நாற்பதை 25 ஆக்கியது; பன்னிரண்டு பதினைந்தாயிற்று.

"என் தகப்பனார் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆனால் காலும் அரைக்காலும் மாவும் காணியும் அவர் நாக்கிலே இருந்தன. சட்டம் எழுதியது சென்னையில். நெல் அளந்தது களத்தில். கணக்குத் தெரியாதவனுக்குச் சட்டம் என்ன செய்யும்?" என்றார் பெரியவர்.

நாம் பதில் பேசவில்லை. வேறுவேறு பங்குகளை ஒரே அளவில் கொண்டுவந்து எண்ணுவதே பின்னத்தின் சூட்சுமம் என்று அன்றுதான் நமக்கும் விளங்கிற்று.

மறுவாரம் கடையில் ஒரு சோப்பு, "மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்றது. இன்னொன்று, "நூற்றுக்கு முப்பது தள்ளுபடி" என்றது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்ததும் நம் கை முதலாவதை நோக்கி நீண்டது.

"அது நான்கில் ஒன்று, ஐந்து மாதான். இது ஆறு மா!" என்று பேத்தி நம் கையைப் பிடித்தாள்.