ஈகோவை விடணும்னா, முதல்ல அது இருக்கணும்

நம்ம ஊரில் ‘ஈகோ’ என்றால் திமிர். “அவனுக்கு ஈகோ ஜாஸ்திப்பா” என்றால் தலைக்கனம் பிடிச்சவன் என்று அர்த்தம். புருஷன் பெண்டாட்டி சண்டையா? “ஈகோவை விடுங்க.” மேனேஜரோட பிரச்சினையா? “ஈகோவை ஓரமா வை.” யோகா வகுப்பிலிருந்து வாட்ஸப் குட்மார்னிங் மெசேஜ் வரைக்கும் எல்லாரும் அதைக் கொல்லத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வார்த்தையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆழ்மன உளவியல்காரர்களோ, அது எப்படி வளர்கிறது என்று ஒரு நூற்றாண்டாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முரண் கொஞ்ச நாளாகவே என்னைக் குடைகிறது. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் :-)

முதலில் வார்த்தைக் குழப்பம். ஃப்ராய்ட் 1923-ல் எழுதிய புத்தகத்தின் ஜெர்மன் தலைப்பை அப்படியே தமிழில் போட்டால் ‘நானும் அதுவும்’. அவ்வளவுதான். சின்னக் குழந்தைகூடச் சொல்லுகிற ‘நான்’. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் லத்தீனுக்குப் போய் ‘ஈகோ’ என்று போட்டார்கள். இந்த மாதிரி மொழிபெயர்ப்புகளால் ஃப்ராய்டின் எழுத்தில் இருந்த உயிர் போய்விட்டது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். நாம் அந்த லத்தீன் சொல்லை ஆங்கிலம் வழியாக வாங்கி, ஏற்கெனவே கைவசம் இருந்த ‘அகங்காரம்’ மேல் ஒட்டிவிட்டோம்.

சரி, அந்த ‘நான்’ என்னதான் செய்கிறது? ஃப்ராய்டுக்கு அது ஒரு நடுவர். உள்ளே இருந்து ஆசை இழுக்கும், மனசாட்சி அதட்டும், வெளியே உலகம் தன் பாட்டுக்கு நிற்கும். மூன்றையும் சமாளித்து அன்றாடத்தை ஓட்டுவது அதன் வேலை. யுங்குக்கு அது நனவு மனத்தின் மையம். முழு மனம் அதைவிட ரொம்பப் பெரியது. அந்த முழுமைக்கு அவர் ‘சுயம்’ என்று பெயர் வைத்தார். குழந்தைக்கு ‘நான்’ ரெடிமேடாக வருவதில்லை. கடலிலிருந்து திட்டுத் திட்டாகத் தீவு மேலே வருகிற மாதிரி மெல்ல உருவாகிறது.

யுங் வழி வந்த எட்வர்ட் எடிங்கர் 1972-ல் எழுதிய புத்தகத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். ‘நான்’ சுயத்திலிருந்து பிரிய வேண்டும், பிறகு அதோடு மறுபடி உறவு வைத்துக்கொள்ள வேண்டும். இது வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும். பிரியாமல் ‘நானே எல்லாம்’ என்று உப்பிக் கிடப்பது ஒரு கோளாறு. உறவு அறுந்து ‘நான் ஒண்ணுமே இல்லை’ என்று காய்ந்துபோவது இன்னொரு கோளாறு. நாம் ‘ஈகோ ஜாஸ்தி’ என்கிறோமே, அது பலமான ‘நான்’ இல்லை, காற்றடைத்த பலூன்.

யுங்குக்கே இது சொந்த அனுபவம். 1913-ல் ஃப்ராய்டோடு உறவு முறிந்தது. அப்போது அவருக்கு 38 வயசு. அந்த அக்டோபரில் ரயிலில் போகும்போது ஐரோப்பாவையே வெள்ளம் மூடி, அது ரத்தமாக மாறுகிற காட்சி கண்முன் வந்தது. தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தார். ஆனாலும் ஓடவில்லை. வந்த உருவங்களோடு பேசினார், எல்லாவற்றையும் எழுதினார், வரைந்தார். அது ‘சிவப்புப் புத்தகம்’ என்று 2009-ல்தான் அச்சில் வந்தது. அந்த நாட்களில் தன்னைக் காப்பாற்றியது எது என்று பின்னாளில் அவர் சொன்னது ரொம்ப சாதாரணமான விஷயம். எனக்கு ஒரு டாக்டர் பட்டம் இருக்கிறது, பார்க்க வேண்டிய நோயாளிகள் இருக்கிறார்கள், மனைவி இருக்கிறாள், ஐந்து குழந்தைகள் இருக்கிறார்கள், வீட்டுக்கு ஒரு கதவு எண் இருக்கிறது. இதைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். அதுதான் ‘நான்’. கிணற்றில் இறங்குகிறவன் இடுப்பில் கட்டின கயிறு.

1934-ல் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் மகள் லூசியா அவரிடம் சிகிச்சைக்கு வந்தாள். மகளின் பேச்சில் தன் எழுத்தின் சாயலையே அப்பா பார்த்தார். இருவரும் ஒரே ஆற்றின் அடிக்குத்தான் போகிறார்கள், ஆனால் ஒருவர் முங்குகிறார், மற்றவர் விழுகிறார் என்கிற பொருளில் யுங் சொன்னதாக ஜாய்ஸின் வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. லூசியாவுக்குக் குணமாகவில்லை. பல வருஷங்கள் மனநல விடுதிகளில் இருந்து, 1982-ல் இங்கிலாந்தில் இறந்துபோனாள். மனச்சிதைவு என்பது வெறும் ‘நான்’ பலவீனம் என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூளை, மரபணு எல்லாம் அதில் உண்டு. ஆனால் சிகிச்சை கொடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அந்த உவமையில் இருக்கிறது: எதிரே உட்கார்ந்திருக்கிறவர் முங்குகிறாரா, விழுகிறாரா?

முங்கத் தெரிந்தவரோடு கனவு, பழைய காயம், ஒளித்துவைத்த முகம் எல்லாவற்றையும் தோண்டலாம். விழுகிறவரிடம் தோண்டினால் ஆபத்து. நம்ம பாஷையில், லோடு தாங்குமா என்று பார்க்காமல் சர்வரில் டிராஃபிக்கைத் திறந்துவிடுவது. அவருக்கு முதலில் வேண்டியது கரை. ஒரே கிழமை, ஒரே அறை, ஒரே நேரம், மாறாத ஒரு ஆள். தன் கோபத்துக்குக் கோபம் என்றே பெயர் வைக்கப் பழகுவது. லண்டன் டாக்டர் வின்னிகாட் இதைத் தாய் குழந்தையை ஏந்திக்கொள்வதோடு ஒப்பிட்டார். அம்மாவின் மனசுக்கு ஏற்பத் தன்னை வளைத்து வளைத்தே வளர்கிற குழந்தைக்கு ஒரு ‘பொய்ச் சுயம்’ உருவாகிறது என்று 1960-ல் எழுதினார். வெளியே பார்த்தால் தங்கமான பிள்ளை. உள்ளே ஆளே இல்லை.

இதைப் படித்தபோது எங்க பெரியம்மா பொண்ணு ஞாபகம்தான் வந்தது. எனக்குப் பத்து வயசு மூத்த அக்கா. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ‘ஈகோவே இல்லாத பொண்ணு’ என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவள். எந்தக் கல்யாண வீட்டிலும் கடைசிப் பந்திதான். இரண்டு வருஷம் முன்னால் தூக்கம் போனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. சொந்தக்காரர்கள் ஒரு தியான முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே ‘நான்’ என்பதைக் கரைக்கச் சொன்னார்களாம். “கரைக்கிறதுக்கு உள்ள என்னடா இருக்கு?” என்று என்னிடம் கேட்டாள். ஜோக் இல்லை. திரும்பி வந்த பிறகு இன்னும் மோசமானாள்.

அப்புறம் ஒரு தெரபிஸ்ட். அந்த அம்மா வாராவாரம் ஒரே கேள்வி கேட்பாராம், “உங்களுக்கு என்ன வேணும்?”

“அவருக்கு நான் வேலைக்குப் போனா பிடிக்காது.”

“நான் உங்களைக் கேட்டேன்.”

“பசங்களுக்குப் பரீட்சை வருது.”

“நான் உங்களைத்தான் கேட்டேன்.”

ஒன்றரை மாசம் கழித்துத்தான் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம், யாரும் கூப்பிடாமல் தூங்கணும். அவ்வளவுதான். அதை வீட்டில் சொன்னதும் மாமியார் சொன்னாராம், “இவளுக்கு என்ன, திடீர்னு ஈகோ வந்துடுச்சு?”

சரியாகத்தான் சொன்னார். வந்துவிட்டது. ஃபீஸ் கட்டினதே அதுக்குத்தானே!

நான் பார்த்தவரை ‘ஈகோவை விடு’ என்கிற அறிவுரை மேனேஜரிடம் போவதே இல்லை. ஜூனியரிடமும் மருமகளிடமும்தான் போகிறது. யாரிடம் குறைவோ அவர்களிடமிருந்தே பிடுங்குகிறோம்.

அதற்காக நம்ம ஞானிகள் சொன்னது தப்பு என்று சொல்ல வரவில்லை. யுங் 1938 வாக்கில் தென்னிந்தியா வரை வந்தும் திருவண்ணாமலைக்குப் போகவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ரமணரின் சீடர் ஒருவரைச் சந்தித்து அசந்துபோனார். அவர் ரொம்ப சாதாரணமானவர். பெரிய குடும்பம், நிறையக் குழந்தைகள். அத்தனை பேருக்கும் சோறு போட்டுக்கொண்டே அமைதியாக இருந்த மனுஷர். அப்படிப்பட்ட ஒருவர் ‘நானை’ விடலாம். விடுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது.

அக்கா இப்போது ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறாள். அடுத்து டிரைவிங் கற்றுக்கொள்ளணுமாம்.