அம்மா நடக்கும் வழி

டிசம்பர் 19, வெள்ளி

எண்ணெய் தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன். அம்மாவின் இடது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. நடுவில் கருநீலம், ஓரமெல்லாம் மஞ்சள். மஞ்சள் பாரித்திருந்தால் சில நாளாவது ஆகியிருக்கும். "கட்டில் இடிச்சுதுடி" என்றாள். தலைக்கு அரப்பு போடுவதற்குள் உண்மை வந்துவிட்டது. கார்த்திகை தீபத்துக்கு மறுவாரம் ஒரு ராத்திரி பாத்ரூம் வாசலில் விழுந்திருக்கிறாள். சுவரைப் பிடித்துத் தானே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாளாம். அடுத்த அறையில்தான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா மார்கழியிலே கோலம் போட விடமாட்டே."

78 வயதில், இடுப்பு வலியைவிட என் வாய்க்குப் பயந்திருக்கிறாள். வேறெதிலும் இன்று மனம் போகவில்லை.

டிசம்பர் 20, சனி

ராத்திரி 2 மணிக்கு அவள் எழுந்ததும் பின்னாலேயே போனேன். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் பதினோரு எட்டு. ஸ்விட்ச் எதிர்ச்சுவரில் இருக்கிறது. அறையை இருட்டில் கடந்தால்தான் விளக்கு. கதவருகே, ஓரம் சுருண்டு கிடக்கும் பழம்புடவைக் கால்மிதி. அதைத் தாண்டினால் மூன்று அங்குல இறக்கம், ஈரத் தரை. அம்மா ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, மறுகையை நீட்டித் துண்டு போடும் கம்பியைப் பிடித்தாள். இரண்டு சின்ன ஆணியில் நிற்கிற கம்பி. அது ஆடியது. எத்தனை ராத்திரி அதை நம்பி இறங்கியிருக்கிறாள்!

டிசம்பர் 22, திங்கள்

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. இந்த வயதில் தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் இரண்டு நாளைக்குள் அறுவை சிகிச்சை நடப்பது நல்லதாம். படுக்கையில் கிடக்கக் கிடக்கப் புண்ணும் நிமோனியாவும் வந்து சேரும்.

டாக்டர் அவளைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: 146. நிற்கவைத்து, 3 நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்: 118. நின்றதும் மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்றார். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரி எழுதிய அளவுகளெல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவை உட்கார்ந்து எடுத்தவை. நிற்கவைத்துப் பார்க்கச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

காலையில் மறந்துவிடுகிறாள் என்று நீர் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றியவள் நான். அவளை 2 மணிக்கு எழுப்பியது அந்த மாத்திரை. அதை மறுபடி காலைக்கே மாற்றச் சொல்லிவிட்டார். எழுந்தவுடன் நடக்காமல், காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் கட்டிலிலேயே உட்கார வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

அண்ணன் போனில், "ராத்திரிக்கு ஆள் வெச்சுடு" என்றான். வைக்கலாம். ஆனால் ஆடுகிற கம்பியை அந்த ஆள் என்ன செய்வாள்?

கைப்பிடி வைக்க வந்த கொத்தனார் தன் இடுப்பளவுக்குக் குறி போடப்போனார். நான் அம்மாவை அழைத்து நிற்கவைத்தேன். அவள் கை தானாகப் போன இடம் நாலு விரற்கடை கீழே இருந்தது. அங்கே கோலமாவால் புள்ளி வைத்தாள். சுவருக்குள் போல்ட் இறக்கி எவர்சில்வர் கைப்பிடி பொருத்தியதும் என் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்த்தேன். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றினோம். உள்பக்கமே திறந்தால், மயங்கிச் சாய்கிற அவள் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

உள்தாழ்ப்பாளைக் கழற்றியபோதுதான் அம்மாவின் முகம் வாடியது. கூச்சம் நியாயமானது. கொஞ்ச நேரம் யோசித்து, "கதவு மேலே துண்டு கிடந்தா நான் உள்ளே இருக்கேன்னு அர்த்தம்" என்றாள். அதுவே இனி தாழ்ப்பாள்.

டிசம்பர் 27, சனி

விடியற்காலை ஐந்தரை. கால்மிதியை எடுத்தாயிற்று, கட்டிலருகே ராத்திரி விளக்கு எரிகிறது. பனி நனைத்த வாசலில் அம்மா பாதிக் கோலம் போட்டு நிமிர்ந்தவள், திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"நிமிரும்போது லேசா சுத்துதுடி."

நான் கேட்காமலே சொன்னாள். போதும் உள்ளே வா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். சுற்றல் நின்றபின் அதில் உட்கார்ந்தபடியே மிச்ச இழைகளை அவளே இழுத்தாள்.