சினைக்கு ஆசைப்பட்டவன்

சினை மீன் என்றால் எனக்குச் சபலம். குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவி, தட்டுப்படும் சினையை மற்றவர் கண்ணில் படுவதற்குள் என் தட்டுக்குத் தள்ளிக்கொள்வேன். பெற்ற பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. வெளியே சொல்லக் கூச்சமான குணம்தான். அது மாறியதற்குக் காரணம் ஞானம் அல்ல, நாக்கு.

சிதம்பரத்தில் குடியிருக்கிறேன். ஓய்வு கிடைத்தால் பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தூண்டிலோடு போய்விடுவேன். அங்கே என்னை அலைக்கழிப்பது கொடுவா. சினைக்காக நான் தேடும் கவலை மீனோ தூண்டிலுக்கு வராது. தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் செவுளில் வடிகட்டித் தின்னும் மீன் அது. ஐரோப்பாவின் குளிர்கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும் ஹெர்ரிங்கும் இதுவும் ஒரே குடும்பம். சொந்தக்காரர்களில் தூண்டிலைக் கவ்வும் முரடன் முள்ளுவாளைதான். அதன் பல் பட்டால் தங்கூஸ் அறுந்துவிடும். ஆகவே கவலை வேண்டுமென்றால் தூண்டில்காரனும் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் நான் அதிகம் ஏங்கியது உல்லத்துக்கு. வங்காளிகள் இலிஷ் என்று உயிரை விடுகிறார்களே, அதே மீன். கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும் காலத்தில் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி, நல்ல தண்ணீரில் சினையை விடும். ஒரு காலத்தில் நம் கொள்ளிடத்திலும் ஏறியது. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். உல்லம் துள்ளித் தாண்டும் மீன் அல்ல. அணையின் அடியிலேயே குவிந்து நின்றது. வலை போடுகிறவர்களுக்கு அது அள்ளிக்கொள்ளும் இடமாயிற்று. அணைகள் மீனின் வழியை மறிப்பதை மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே தம் 1873ஆம் ஆண்டு அறிக்கையில் எழுதினார். 1909 வாக்கில் சென்னை மாகாண மீன்வளத் துறையினர் கொள்ளிடக் கரையிலேயே உல்லத்தின் சினையைப் பிழிந்து குஞ்சு பொரிக்க வைக்கப் பார்த்தார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஆற்றில் வெள்ளமும் குறைந்தது, உல்லமும் அருகிப்போனது.

அணையைத் திட்டிவிட்டுப் போகலாமென்றால் அதற்கும் எனக்கு வாய் இல்லை. கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரிதான் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களை நனைக்கிறது. என் தட்டில் விழும் சோறும், அதன்மேல் ஊற்ற முடியாமல்போன உல்லக் குழம்பும் ஒரே அணையின் வரவும் செலவும்.

கொல்கத்தாவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போனபோது, முதல் வேலையாகச் சினை உள்ள இலிஷ் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். அந்த ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சினை முற்றாத மீனைத்தான் தேடுவார்களாம். சினை வைக்க வைக்க உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் அதற்குப் போய்விடும், சதையில் ருசி நிற்காது என்றார். விருந்தாளியின் ஆசையைத் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி, முதுநகரில் வழக்கமாக மீன் வாங்கும் அக்காவிடம், "சினையா பாத்துப் போடுக்கா" என்றேன். மீன்பிடித் தடைக்காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்க, ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கவலைதான் சந்தையில் முன்னால் இருக்கும். அக்கா முகம் சுளித்தார். "சினை வெச்சது சப்புனு கெடக்கும் தம்பி. இதக் கொண்டுபோ, சட்டியில எண்ணெ ஊத்தாமலே பொரியும்" என்று, வயிறு தட்டையான மீன்களாகக் கூறு கட்டிக் கொடுத்தார்.

மண்சட்டியில் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தோம். மேலே மிதந்த எண்ணெயில் பாதி மீனுடையது. அடுத்த முறை, பிடிவாதமாக, இரண்டு வகையும் வாங்கி ஒரே மசாலாவில் தனித்தனியாக வறுத்துப் பார்த்தேன். சினை மீனின் சதை வறண்ட சக்கை. இத்தனை காலமும் ஒரு விரல் நீளச் சினைக்காக மீன் முழுவதையும் ருசி கெட்ட பருவத்தில் தின்றிருக்கிறேன்.

உயிர்களிடத்தில் இரக்கம் வந்து நான் சினையை விட்டதாகச் சொன்னால் அது பொய். ஆனால் என் நாக்குக்கு நல்லது கடலுக்கும் நல்லது என்பதைக் கண்டபோது ஒரு நிம்மதி வந்தது. சினையோடு பிடிபடும் ஒரு உல்லத்தின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். வங்கதேசத்தில் அந்த மீன் ஆற்றில் ஏறும் பருவத்தில், அக்டோபரை ஒட்டி, ஆண்டுதோறும் 22 நாள் பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். வட கடலில் ஹெர்ரிங்கை வரைமுறையின்றி அள்ளி, 1977இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. மீண்டும் திறக்கச் சில ஆண்டுகள் ஆயின. கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த, கவலை இனத்து மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

சட்டம் வலைக்குத்தான், வாங்குகிறவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் கூடைக்காரர் எதைத் தேடி ஏலம் எடுப்பார் என்பதை என்னைப் போன்றவர்கள் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கிறது. "சினை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் இப்போது "கொழுப்பா இருக்கா?" என்று கேட்கிறேன். விரல் நீளப் பொடி மீனை வாங்குவதில்லை. தப்பித்தவறிச் சினை வந்துவிட்டால் தூக்கி எறியவும் மாட்டேன். அதைப் பையன் தட்டில் வைக்கிறேன். அவனுக்கும் எனக்கிருந்த அதே ஆசை. மீனின் ருசி எங்கே இருக்கிறது என்பதை அவனும் ஒருநாள் தின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும், சொல்லி ஏறாது.