தெரியுதா, அத்தை?



உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சரியாகத் தெரிகிறதா? இதென்ன கேள்வி என்று சிரித்துவிடாதீர்கள். சென்ற பள்ளி விடுமுறையில் இந்தக் கேள்வியை என் அத்தையிடம் யாராவது ஐந்து மாதம் முன்பே கேட்டிருக்கக் கூடாதா என்று மனம் நொந்துவிட்டேன். அதனால்தான் உங்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

நான் ஜொகூரில் ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியை. பெரிய படிப்பெல்லாம் இல்லை; ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழ் ஒன்றுதான். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழோடு அறிவியலும் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தக் கொஞ்ச அறிவு எனக்கு எங்கே கைகொடுத்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அத்தை என் தகப்பனாரின் ஒரே தங்கை. எங்கள் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். இப்போது தேக்காச் சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார். மாமா காலமாகிவிட்டார். மகன், அதாவது என் அத்தான், பொங்கோலில் குடும்பத்தோடு இருக்கிறார். வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் கரண்டு மாலை ஆறு மணிக்கு வந்தால் இரவு பத்து மணிக்குப் போய்விடும். அந்த நாலு மணி நேரத்துக்குள் சமையல், பாடம், படம் எல்லாம் முடிய வேண்டும். அப்பா ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். நீண்ட மூங்கில் கழியின் உச்சியில் மீன்முள் போன்ற ஏரியல். தீபாவளி வந்தால் அப்பா கூரைமேல் ஏறிவிடுவார். ஏரியலைச் சிங்கப்பூர்ப் பக்கம் திருப்பி, "தெரியுதா?" என்று கத்துவார். நான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, "இல்லப்பா... இன்னும் கொஞ்சம்... ஆங், தெரியுது, தெரியுது!" என்று பதிலுக்குக் கத்துவேன்.

அப்போது சிங்கப்பூரில் தமிழுக்கென்று தனி அலைவரிசை கிடையாது. வேறு மொழி அலைவரிசையில் கொஞ்ச நேரம் தமிழ் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் இத்தனை பாடு. இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அப்பா சொல்வார்: "உங்க அத்தையும் இந்நேரம் இதைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பா." தங்கையைப் பார்க்கக் கடவுச்சீட்டும் பஸ் காசும் வேண்டும். தங்கை பார்ப்பதைப் பார்க்க ஓர் ஏரியல் போதும். அவர் கணக்கு அப்படி. 2016-இல் அப்பா காலமானார்.

இனி சென்ற விடுமுறைக்கு வருகிறேன். ஜொகூர் பாருவில் 170-ஆம் எண் பஸ்ஸைப் பிடித்துத் தேக்காவுக்குப் போய்ச் சேர்ந்தேன். சந்தையில் மீன் வாசமும், அதைத் தாண்டினால் மல்லிகை வாசமுமாக எப்போதும் போலத்தான் இருந்தது. அத்தையின் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் ஏதோ குறைந்தது. யோசித்துப் பார்த்தேன். தொலைக்காட்சிச் சத்தம் இல்லை.

"என்ன அத்தை, பெட்டியை மூடி வச்சிருக்கீங்க?"

"அஞ்சு மாசமா வசந்தம் சரியா வரலை, கண்ணு. படம் சதுரம் சதுரமா உடையுது. செய்தி வாசிக்கிறவங்க வாயைத் திறந்தா அப்படியே நின்னு போகுது. தமிழுக்குத்தான் ஏதோ குறைச்சிட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

"அத்தான்கிட்டே சொல்லலையா?"

"சொன்னா உடனே மாசாமாசம் காசு கட்டுற லைனைப் போட்டுடுவான். பிள்ளைங்க படிப்புச் செலவே அவனுக்குத் தலைக்கு மேல இருக்கு. கடையிலே ஒருத்தர்கிட்டே கேட்டேன். பெட்டி பழசு, புதுசு வாங்குங்கன்னார். நான் எங்கே போக?"

ஐந்து மாதம், வாசகர்களே! ஊர்ச் செய்தியும், நாடகமும், ஒரு தமிழ்க் குரலும் இல்லாமல் ஒரு கிழவி நாலு சுவருக்குள் இருந்திருக்கிறார். தமிழ் பேசும் ஆயிரம் பேர் கீழே நடமாடும் தேக்காவிலேயே இருந்திருக்கிறார். நானும் வாரா வாரம் தொலைபேசியில் பேசியவள்தான். "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று கேட்டேனே தவிர, இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"தமிழுக்குக் குறைச்சிட்டாங்க" என்ற சொல் என்னைச் சுட்டது. முன்பு சென்ட்ரல் அலைவரிசையின் ஒரு பகுதியாக இருந்த தமிழ் நிகழ்ச்சிகள், 2008 அக்டோபரில்தான் வசந்தம் என்ற தனி அலைவரிசையாக வளர்ந்தன. அது இன்றும் காற்றில் இலவசமாகவே வருகிறது. 2019 ஜனவரித் தொடக்கத்தில் சிங்கப்பூர் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க டிஜிட்டலுக்கு மாறியது. காசு கட்டும் தொலைக்காட்சி இல்லாத அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு அப்போது அரசாங்கமே 100 வெள்ளி உதவி கொடுத்தது. அத்தையின் டிஜிட்டல் பெட்டியும் வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஏரியலும் அந்தச் சமயத்தில் வந்தவைதான். பல வருடம் நன்றாக வேலை செய்தவை, திடீரென்று ஏன் மக்கர் செய்ய வேண்டும்?

ஏரியலைத் தேடினேன். தொலைக்காட்சிக்குப் பின்னால் கிடந்தது. அதற்கும் சன்னலுக்கும் நடுவில் புத்தம் புதிதாக ஓர் இரும்பு அலமாரி.

"இது எப்போ வந்துச்சு, அத்தை?"

"அதுவா? பக்கத்து வீட்டம்மா வீடு மாறிப் போறப்ப கொடுத்துட்டுப் போனாங்க. அஞ்சு மாசம் இருக்கும்..."

சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

எனக்கு அந்த நேரம் ஒரு பஸ் ஞாபகம் வந்தது. 2003-இல், பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, இதே அத்தையைப் பார்க்க வந்தவள் சிங்கப்பூர்ப் பஸ் ஒன்றில் ஏறினேன். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது! டிவி மொபைல் என்று அதற்குப் பெயர். 2001-இல் தொடங்கினார்கள். அது வீடியோ நாடா அல்ல. காற்றில் வரும் டிஜிட்டல் ஒளிபரப்பை ஓடுகிற வண்டியிலேயே பிடித்துக் காட்டியது. எங்கள் லயத்தில் காற்றடித்தாலே ஆடிப்போகும் படம், இங்கே பஸ் வளைந்து திரும்பும்போதும் தெரிகிறதே என்று வாயைப் பிளந்தேன்.

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கட்டடங்களில் மோதித் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். பழைய அனலாக் முறையில் அது இரண்டாவது நிழல் படமாக விழும். டிஜிட்டல் முறையிலோ, செய்தியை ஆயிரத்துக்கு மேற்பட்ட மெல்லிய அலைகளில் பிரித்து, இடையிடையே சிறு இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். பெரிய மண்டபத்தில் சொல்வதெழுதுதல் நடத்தும்போது, எதிரொலி அடங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் சற்று நிற்போமே, அதைப் போல. அந்த டிவி மொபைல் 2010 ஜனவரி முதல் தேதியோடு நின்றுவிட்டது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று குறைப்பட்ட பயணிகளும் உண்டு.

ஆனால் வண்டி ஒன்றைக் கற்றுக் கொடுக்கிறது. அதன் உடம்பு இரும்பு. இரும்புப் பெட்டிக்குள் அலை எளிதில் நுழையாது. வெளிநாடுகளில் வண்டியையே வீடாக்கி, அடுப்பும் படுக்கையுமாக ஊர் ஊராய்ச் செல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் ஏரியலைக் கூரைக்கு மேலே வைப்பார்கள். தங்கும் ஊருக்கு ஊர் திசையைத் திருப்புவார்கள். சேனலைப் புதிதாகத் தேடவிடுவார்கள். அத்தையோ தெரியாத்தனமாக ஏரியலை இரும்புச் சுவருக்குப் பின்னால் சிறை வைத்துவிட்டார்!

அலமாரியை நகர்த்த எங்கள் இருவராலும் முடியவில்லை. ஏரியலை நகர்த்தலாமே! ஒயர் நீளமாகத்தான் இருந்தது. சன்னலருகே கொண்டு போனேன். ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக் குன்றின் மேல், தேக்காவுக்கு வடமேற்கே இருக்கிறது. அந்தப் பக்கம் முகம் பார்க்க வைத்தேன்.

"தெரியுதா, அத்தை?"

"இல்லே... உடையுது."

ஒரு சாண் உயர்த்தினேன். "இப்போ?"

"குரல் வருது... ஐயோ, போச்சு."

சன்னல் கம்பியை விட்டுக் கொஞ்சம் தள்ளினேன். "இப்போ?"

பதிலே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தை திரையைப் பார்த்தபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். படம் துளிகூட உடையாமல் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க அப்பா கூரையிலே நின்னு கத்தின மாதிரியே இருக்கு, கண்ணு," என்றார்.

வாசகர்களே, நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். மலேசியாவிலும் 2019 அக்டோபர் இறுதியோடு அனலாக் ஒளிபரப்பு முடிந்துவிட்டது. மாதக் கட்டணம் கட்ட முடியாமல் லைனை வெட்டிவிட்ட வீட்டிலும், மைஃப்ரீவியூ டிஜிட்டல் பெட்டியோ டிஜிட்டல் வசதியுள்ள தொலைக்காட்சியோ இருந்தால், காற்றில் வருவதை இலவசமாகப் பார்க்கலாம். படம் உடைந்தால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கோபுரம் எந்தத் திசை என்று விசாரியுங்கள். ஏரியலைச் சன்னலருகே உயரமாக, இரும்பை விட்டு விலக்கி வையுங்கள். ஒரு சாண் நகர்த்தினாலும் மாற்றம் தெரியும். ஏனென்றால் இந்த அலையின் நீளமே ஏறக்குறைய அரை மீட்டர்தான். ஒயர் முனைகளை இறுக்கிப் பாருங்கள். பூஸ்டர் உள்ள ஏரியல் என்றால் அதற்குக் கரண்டு போகிறதா என்று பாருங்கள். இடம் மாற்றியபின் சேனல்களை மறுபடி தேடவிடுங்கள். பூஸ்டர் வாங்குவது கடைசி வேலை. அது நல்ல அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கூரையில் கிடக்கும் பழைய மீன்முள் ஏரியல் யூஎச்எஃப் வகையாக இருந்தால் அதுவே டிஜிட்டலுக்கும் உதவும்.

இன்னொன்று. டிஜிட்டலில் பழையபடி புள்ளி புள்ளியாக மங்கி எச்சரிக்கை வராது. நன்றாகத் தெரியும், அலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் உடையும், பிறகு ஒன்றுமே இருக்காது. எல்லாச் சேனலும் ஒரே அலையில் வருவதுமில்லை. அதனால் ஒன்று தெரிந்து இன்னொன்று உடையலாம். அது தமிழுக்கு யாரும் செய்த வஞ்சனை அல்ல.

மழை மின்னல் நேரத்தில் கழியைத் தொடாதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் கழியை நிறுத்தாதீர்கள். அடுக்குமாடியில் எதையும் சன்னலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். கீழே போகிறவர் தலையும் தலைதான்.

இத்தனையும் சொன்னேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஏரியலைப் பிடிக்க ஒருவர், திரையைப் பார்த்துச் சொல்ல ஒருவர். தனியாக இருக்கும் முதியவர் எப்படி இரண்டு இடத்தில் நிற்பார்? உங்கள் லயத்திலோ பக்கத்துத் தெருவிலோ அப்படி யாராவது இருந்தால், ஒரு மாலை நேரம் போய், "தெரியுதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் அப்பாவின் பழைய ஏரியலைத் தேடி எடுத்துத் துடைத்து, என் மகனை விட்டு உயரமான கழியில் கட்டச் சொன்னேன். இரண்டு நாடும் ஒரே டிஜிட்டல் முறையைத்தான் பின்பற்றுகின்றன. தெற்கே திருப்பியதும் வசந்தம் கிடைத்துவிட்டது. அன்று இரவே அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"தெரியுதா, அத்தை?"

"தெரியுது கண்ணு. உனக்கு?"

"எனக்கும் தெரியுது."

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே செய்தி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.