புணர்ச்சி விதியும் கணினிப் பூட்டும்

ஜூன் 10, செவ்வாய்

முதலாண்டு மாணவர்க்குரிய புணர்ச்சி இலக்கணத்தை, வகுப்பறைப் போதனைக்குத் துணையாகக் கல்லூரியின் மூடில் என்னும் இணையவழிக் கற்பித்தல் தளத்தில் ஒரு பாடமாக அமைக்க வேண்டுமென்று துறையில் தீர்மானமாகி, அப்பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கைவசமுள்ள குறிப்புகளைப் பி.டி.எஃப். ஆக்கி வரிசையாக ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்பதே பலருடைய அபிப்பிராயம். கோப்பு வாசிக்கக் கிடைக்குமேயன்றித் தானாகப் போதிக்காது. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடமானதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புகிற ஆசிரியர், மூன்றாம் வரிசையில் ஒரு புருவம் நெரிவதைக் கண்டு அந்த க்ஷணத்திலேயே வேறோர் உதாரணத்துக்குத் தாவிவிடுகிறார். கணினி வழியே கற்பிக்கிறவருக்கோ அந்தப் புருவம் தென்படப் போவதில்லையாதலால், அது எவ்விடத்தில் நெரியும் என்பதை முன்னதாகவே ஊகித்து, அதற்குரிய சமாதானத்தையும் இப்போதே எழுதி வைத்தாக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

யந்திரத்தின் வழியே கற்பிக்கும் இம்முயற்சிக்கு நாம் நினைப்பதைவிட வயது அதிகம். 1958-இல் ஹார்வர்டுப் பேராசிரியர் பி. எஃப். ஸ்கின்னர் போதனா யந்திரங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் மாணவனே விடையை இயற்றி, அது சரிதானா என்று உடனே அறிந்துகொள்ளும் முறையை வற்புறுத்தினார். 1960-இல் இல்லினாய் சர்வகலாசாலையில் டொனால்டு பிட்ஸர் பிளேட்டோ என்னும் கணினிப் போதனை முறையைத் தொடங்கினார். மூடிலை உருவாக்கி 2002-இல் அதன் முதற் பதிப்பை வெளியிட்ட மார்ட்டின் டூகியாமாஸோ, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜனசஞ்சாரமற்ற உட்பகுதியில் வளர்ந்து, சிற்றலை வானொலிப் பள்ளியில் பாலபாடம் கற்றவர். ஆசிரியரின் முகத்தைக் காணாமற் படித்த சிறுவர் ஒருவர், பிற்காலத்தில் மாணவரின் முகத்தைக் காணாத ஆசிரியர்களுக்கென்று ஒரு கருவி செய்தார் என்பது எனக்கு மிக இயல்பாகவே படுகிறது.

ஜூன் 16, திங்கள்

இன்று முழுவதும் அலகுகளின் வரிசையைப் பற்றிய விசாரத்திலேயே கழிந்தது. நன்னூலார் புணர்ச்சியை உயிரீறு, மெய்யீறு என்று நிலைமொழியின் இறுதி எழுத்தை ஆதாரமாகக் கொண்டு வகுத்துச் செல்கிறார். கற்றறிந்தவன் ஒரு விதியைத் தேடி எடுப்பதற்கு அதனினும் சிறந்த வரிசை இல்லை. ஆனால் புதிதாகக் கற்க வருகிறவனுடைய கண்ணில் முதலில் படுவது ஈறு அன்று, மாற்றமே: வாழைப்பழத்தில் ஓர் எழுத்து தோன்றியிருக்கிறது, பொற்குடத்தில் ஒன்று திரிந்திருக்கிறது, மரவேரில் ஒன்று கெட்டிருக்கிறது. ஆகவே தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் மூன்றையும் முதல் மூன்று அலகுகளாக்கி, ஈற்றெழுத்து முறையை அவற்றின் பின் வைத்தேன். ஒவ்வோர் அலகுக்கும் ஒரு காணொளி உண்டு. எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வி நிறுவனத்தின் நான்கு பாடங்களில் மாணவர்கள் காணொளி பார்த்த ஏறத்தாழ 69 லட்சம் அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு நிமிஷத்துக்கு மேல் கவனம் நிலைப்பது அரிது என்று கண்டிருப்பதால், ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்குப் பழகிய என் நாவை ஆறு நிமிஷத்துக்குள் அடக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 20, வெள்ளி

வினா வங்கியை நிரப்பத் தொடங்கினேன். நான்கு விடை தந்து ஒன்றைத் தேரச் சொல்லும் வினா எழுதுவதற்குச் சுலபம். எனினும், சரியானதைக் கண்டால் அடையாளம் தெரிவது வேறு, வெற்றிடத்தில் அதைத் தானே எழுதுவது வேறு. எனவே பெரும்பாலானவற்றைக் குறுவிடை வினாக்களாகவே அமைத்தேன். இவ்வகையில் சரியான விடையை மட்டுமன்றி, மாணவர் எழுதக்கூடிய பிழையான விடைகளையும் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறிப்பு இணைக்கலாம். ‘பொன்குடம்’ என்று எழுதுபவன் விதியையே கவனியாதவன். ‘பொன்க்குடம்’ என்று எழுதுபவன் வாழைப்பழத்தின் விதியைப் பொருந்தாத இடத்தில் ஏற்றியவன். இருவருக்கும் ‘தவறு’ என்ற ஒரே சொல்லைத் திருப்பித் தருவது நியாயமாகாது. மீண்டும் முயல வாய்ப்பளிக்கும் முறையில், தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கும்படி மூடில் தானே அமைத்திருக்கிறது. முதல் அலகில் அக்கழிவை அறவே நீக்கிவிட்டேன். பயிலும் பருவத்துப் பிழைக்கு அபராதம் விதித்தால், மாணவன் யோசிப்பதை விட்டு அண்டை வீட்டு நண்பனைத் தொலைபேசியில் அழைப்பான்.

ஜூன் 24, செவ்வாய்

முதுகலை மாணவி ஒருத்தி வெள்ளோட்டமாக வினாக்களுக்கு விடையெழுதிப் பார்த்தாள். ‘கௌ + அழகு’ என்பதற்குக் ‘கௌவழகு’ என்று சரியாகவே அவள் எழுதியிருக்க, யந்திரம் தவறென்றது. “ஐயா, நான் எழுதினதும் நீங்க எழுதினதும் ஒண்ணுதானே?” என்று அவள் கேட்டது நியாயமே. கணினித் துறை நண்பர் வந்து பார்த்து மர்மத்தை விடுவித்தார்: ஔகாரத்துக்குரிய ஒரே குறியை இடாமல், எகரக் கொம்பை இட்டு அதன் பின் ளகரத்தைத் தட்டியிருக்கிறாள், திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றினாலும் உள்ளே பதியும் குறியெண்கள் வேறு. யந்திரத்துக்குக் கண் இல்லை, எண் மட்டுமே உண்டு. இலக்கண நோக்கில் யந்திரத்தின் கட்சியும் சரியே, ளகரம் தனியோர் உயிர்மெய்யெழுத்தல்லவா! ஆயினும் வினா சோதிக்க வந்தது உடம்படுமெய்யையேயன்றி விசைப்பலகைப் பழக்கத்தை அன்று. ஆகவே இரண்டு வடிவங்களையும் சரியான விடைகளாகப் பதிந்து, இரண்டாவதற்கு மட்டும் ஓர் அன்பான எச்சரிக்கையைச் சேர்த்தோம்.

ஜூன் 30, திங்கள்

பூட்டுகளைப் பற்றிய நாள். ஓர் அலகை முடித்தாலன்றி அடுத்தது திறவாதபடி நிபந்தனை விதிக்க மூடிலில் வசதியுண்டு; முடித்தமைக்கு அடையாளமாக ஒரு குறி விழும். பக்கத்தைத் திறந்து பார்த்தாலே அக்குறி விழும்படியும் அமைக்கலாம், குறித்த மதிப்பெண் பெற்றாலன்றி விழாதபடியும் அமைக்கலாம். முன்னது திறந்தவனையெல்லாம் கற்றவன் என்கிறது. பின்னதோ, மூன்றாம் அலகை நன்கறிந்து முதல் அலகில் இடறுகிறவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எதுவும் பூட்டப்படாவிட்டால் எல்லாரும் கடைசித் தேர்வுக்கே ஓடுவார்கள் என்று நண்பர் வாதித்தார். அதில் உண்மையுண்டு. இறுதியில், விகார அலகுகள் மூன்றையும் எவ்வரிசையிலும் படிக்கத் திறந்து வைத்து, தேர்வொன்றை மட்டும் அம்மூன்றின் பயிற்சிகளுக்குப் பின் திறக்கும்படி செய்தோம். ஒன்றன் அறிவு மற்றொன்றுக்கு மெய்யாகவே அவசியமான இடத்தில்தான் பூட்டுக்கு நியாயம் உண்டு.

ஜூலை 2, புதன்

பாடம் நாளை மாணவர்க்குத் திறக்கப்படுகிறது. ஊகித்து எழுதிய குறிப்புகள் எத்தனை இருந்தாலும், ஊகத்துக்கு எட்டாத பிழையும் ஊகத்துக்கு எட்டாத சாமர்த்தியமும் மாணவரிடம் உண்டு என்பதை நினைத்து, யந்திரம் திருத்தாத ஒரு வேலையை இறுதியில் சேர்த்திருக்கிறேன்: தத்தம் ஊர்க் கடைத்தெருவில் ‘பழகடை’, ‘பூகடை’ என்பன போன்ற பெயர்ப்பலகைகளைத் தேடிப் படமெடுத்து, விடுபட்ட ஒற்று எது, அது ஏன் வரவேண்டும் என்று ஒவ்வொருவரும் பத்து வரி எழுத வேண்டும். அவற்றுக்கு முன்னரே விடை எழுதி வைக்க வழியில்லையாதலால், ஒவ்வொன்றையும் நானே வாசித்து மதிப்பிடுவேன். அவற்றில் புதிதாகத் தென்படும் பிழைகளையெல்லாம் அடுத்த பருவத்து வினா வங்கியில் சேர்ப்பதாகவும் உத்தேசம்.