தொரையின் ஏக்கமும் எங்கள் பாட்டனும்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்புப் பிள்ளைகளோடு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போயிருந்தோம். எம்.சி.ராஜா பிறந்த பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1952-இல் அமைத்தது. நம் பூங்காக்கள் வெட்கப்படும் அளவுக்குப் புல்வெளியை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. "இவங்க எதுக்குண்ணா இங்க வந்தாங்க?" என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்.

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியபோது சென்னையை விட்டு ஜனங்கள் கூட்டம்கூட்டமாக வெளியேறினார்கள். 1944-இல் தாம்பரம் விமானத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படை வந்து உட்கார்ந்தது. அதற்கு 'எச்.எம்.எஸ். வல்லூரு' என்று பெயர். கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் பெயர்!

இருபது வயது வெள்ளைக்கார மாலுமிக்கு இங்கே நாள் எப்படிப் போயிருக்கும்? வெயில் ஏறிவிட்டால் விமானத் தகட்டில் கைவைக்க முடியாது. உடம்பெல்லாம் வேர்க்குரு. மலேரியாவுக்குப் பயந்து மெப்பாக்ரின் மாத்திரையை விழுங்கினால் தோல் மஞ்சளாகும். லீவு நாளில் மின்சார ரயிலேறி மவுண்ட் ரோட்டில் சினிமா. ராத்திரி கொசுவலைக்குள் உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம். போர் முடிந்தும் ஊருக்கு அனுப்பாமல் இழுத்தடித்ததால், 1946 ஜனவரியில் கராச்சி டிரிக் ரோடு தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படை வீரர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் தளங்களுக்கும் பரவியது. அந்த ஏக்கத்தை நாங்கள் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் இப்படிப்பட்ட நினைவுக்குறிப்புகளில் ஒரு 'பாய்' வருவான். டீ கொண்டுவருவான், பூட்ஸ் துடைப்பான், துணி வெளுப்பான். கக்கூஸ் அள்ளுகிறவன் அந்த அளவுக்குக்கூட வர மாட்டான். இரண்டு பேருக்கும் பெயர் இருக்காது.

எங்கள் தெரு ஆயா ஒருவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவருடைய அப்பா அந்த முகாமில் பீ வாளி தூக்கியவர். ஆயா சொன்னார்: "ஒரு வெள்ளக்காரப் பையன் போட்டோவ வெச்சினு அழுதுனே இருப்பானாம். பாவம், அம்மாவ பாக்கணுமாம்னு எங்கப்பா வந்து சொல்லுவாரு. அதுக்கு ரெண்டு வருசம் முன்னதான் எங்க சித்தப்பா சாப்பர்ல சேந்து எகிப்துக்குப் போயிருந்தாரு. அவரு அழுதாரான்னு யாரு பாத்தா?"

மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவர்கள். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. நான்காவது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே இன்னொரு வரிசை உண்டு: தோட்டி, தண்ணீர் சுமப்பவர், வண்ணார், நாவிதர். ராணுவம் இவர்களை 'ஃபாலோயர்' என்று எழுதிக்கொண்டது. சாதி செய்த பிரிவினையை அப்படியே சீருடைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்கள்.

செத்த பிறகும் அதே கணக்குதான். முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள்; சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை. அந்தப் போரில் இறந்த குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களும், பெயர் சொல்லி நினைவுகூரப்படவில்லை என்று போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது. நூறு வருடம் ஆகியிருக்கிறது, ஒப்புக்கொள்ள.

சித்தப்பாவிடமிருந்து கடிதம் வந்ததா என்று ஆயாவைக் கேட்டோம். வந்ததாம். தபால்காரர் சேரிக்குள் வர மாட்டார். எல்லையில் நின்று கூப்பிடுவார். வாங்கிப் போனாலும் வீட்டில் படிக்க ஆளில்லை. ஊர்த்தெருவில் எழுத்துத் தெரிந்த ஒருவர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்று, அவருக்கு மனசு வரும்வரை காத்திருந்து கேட்டு வருவார்களாம். கடிதத்தில் என்ன இருந்தது என்று ஆயாவுக்கு ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

"இங்கயும் நம்மூரு வெயிலுதான், நிழலுக்கு ஒரு புளியமரம் இல்லன்னு எழுதியிருந்தாரு."